கழுதைக்குப் புல்வெளி வேண்டாம், வேலி வேண்டும்

‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதிய கழுதைப் படத்தை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே, சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் கூட மாட்டியிருப்பார்கள். படம் மாட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. படத்துக்குப் பசிக்காது, குளம்பு வளராது, மழையில் நனைந்தால் சளி பிடிக்காது. இப்போது சிலர் படத்தை விட்டுவிட்டு உயிருள்ள கழுதையையே வாங்கித் தோட்ட வீட்டில் கட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். என் ஆட்சேபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் வில்லியனூர், பாகூர் பக்கமுமாக, சென்ற இரண்டு வருடத்தில் எனக்குத் தெரிந்த மூன்று தோட்டங்களில் கழுதை பார்த்தேன். ஒருவர் திருஷ்டிக்காக வாங்கினார். இன்னொருவர் பேரப்பிள்ளைகளுக்காக. மூன்றாமவர் வாடகைக்கு வரும் விருந்தினர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள. மூன்று பேரும் நல்லவர்கள்தான், கழுதையை அடிப்பவர்கள் இல்லை. ஆனால் மூன்று தோட்டத்திலும் ஒரே காட்சி: தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பச்சைப் புல்தரை, நடுவில் ஒரு முளை, முளையில் பத்தடிக் கயிறு, கயிற்றின் முனையில் தன்னந்தனியாக ஒரு கழுதை. இது கழுதை வளர்ப்பு இல்லை. நல்ல மனதோடு செய்கிற சித்திரவதை என்றுதான் சொல்வேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

முப்பது வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் போகாது. பத்தடிக் கயிற்றில் கட்டிய பிராணிக்குக் கிடைக்கிற இடம் 314 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று மேல். ஆக, முக்கால் சென்ட் கூட இல்லை. கயிறு முளையில் சுற்றிக்கொண்டால் அதுவும் பாதியாகும். இங்கிலாந்தில் கழுதை வளர்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு ஒரு கழுதைக்கு அரை ஏக்கர். நம் புதுச்சேரிப் பத்திரத்தில் எழுதுகிறபடி சொன்னால் சுமார் 20 ஆர், பழைய கணக்கில் சுமார் 38 குழி. முக்கால் சென்ட் எங்கே, ஐம்பது சென்ட் எங்கே?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “அந்தக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் கழுதைக்கு முன்னங்காலில் தளை போட்டுத்தானே மேய விட்டார்கள்? அப்போது யார் வேலி கட்டினார்கள்?” சரியான கேள்வி. தளை போட்டார்கள், நானும் பார்த்திருக்கிறேன். தளை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கழுதை காலையில் மூட்டை சுமந்து துறைக்குப் போனது, வெயில் சாய வீட்டுக்குத் திரும்பியது. தினமும் மைல் கணக்கில் கல்லிலும் மண்ணிலும் நடந்தது. நடந்ததில் குளம்பு தானாகத் தேய்ந்தது. மாலையில் தளையோடு விட்டாலும் நாலைந்து கழுதைகளோடு சேர்ந்து, கட்டாந்தரையிலும் ஏரிக்கரையிலும் காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தது. வேலை இருந்தது, நடை இருந்தது, கூட்டம் இருந்தது, திரிய ஊர்ப் புறம்போக்கு இருந்தது. உங்கள் தோட்டத்துக் கழுதைக்கு இதில் எது இருக்கிறது? பழைய காலத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது கயிற்றை மட்டும்தான்.

அடுத்தது அந்தப் பச்சைப் புல். பெருமையோடு காட்டுகிறார்கள். “பாருங்க சார், இதுக்காகவே கோ-4 புல் போட்டிருக்கேன், கழுத்தளவு வளர்ந்து நிக்குது.” கழுதையின் பூர்வீகம் எது என்று யோசித்தால் இந்தப் பெருமை வராது. வடகிழக்கு ஆப்பிரிக்காவின் கல்லும் முள்ளுமான வறண்ட காட்டிலிருந்து வந்த பிராணி அது. நல்ல புல்லைத் தின்று வளர்ந்த ஜாதி இல்லை. சத்தே இல்லாத காய்ந்த தாளை நாள் முழுவதும் நடந்து நடந்து பொறுக்கித் தின்று, அதிலிருந்தே உயிர் வாழ்கிற அளவுக்கு அதன் வயிறு அமைந்திருக்கிறது. நம் ஊரில் சுவரொட்டியைக் கழுதை கிழித்துத் தின்பதைப் பார்த்து நாம் சிரித்தோம். அதற்கு வேண்டியது நார். புல் கிடைக்காத தெருவில் அது காகிதத்தைக் கடித்தது.

நூறு கிலோ எடையுள்ள கழுதைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த தீவனம் ஒன்றரைக் கிலோ, அதற்குச் சற்று முன்பின், போதும். இந்த வயிற்றுக்குப் பாசனப் புல்லையும், போதாக்குறைக்கு விருந்தாளி கொடுக்கிற பிஸ்கட்டையும், மிஞ்சிய சோற்றையும் போட்டால் என்ன ஆகும்? முதலில் கழுத்தின் மேல்பக்கம் கொழுப்பு கட்டும். அது பெருத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் பிறகு நிமிராது. பார்ப்பவர்கள் ‘கொழுகொழு என்று இருக்கிறது’ என்பார்கள். அடுத்தது குளம்பு நோய். குளம்புக்கும் எலும்புக்கும் நடுவில் உள்ள சதை வீங்கும். பிரெஞ்சில் இதற்கு ஃபுர்பியூர் என்று பெயர், ஆங்கிலத்தில் லாமினைட்டிஸ். நகக்கண்ணில் சீழ் வைத்த விரலால் உடம்பு எடை முழுவதையும் தாங்கி நிற்பதாக நினைத்துப் பாருங்கள், அந்த வலி. கழுதை கத்தாது. வலியை வெளியே காட்டாத பிராணி அது. அசையாமல் நிற்கும். ‘சாதுவாக நிற்கிறது, எவ்வளவு அமைதி பாருங்கள்’ என்று அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள்.

இன்னும் ஒரு ஆபத்து உண்டு. கொழுத்த கழுதை ஏதோ ஒரு காரணத்தால் இரண்டு நாள் தீனி எடுக்காமல் நின்றுவிட்டால், உடம்பில் சேர்ந்த கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும். ஆகவே ‘கொழுத்துவிட்டது, நாளையிலிருந்து பட்டினி போடுகிறேன்’ என்பதும் நடக்காது. மெதுவாக, மாதக் கணக்கில்தான் இளைக்க வைக்க வேண்டும். முதலிலேயே கொழுக்க விடாமல் இருப்பதுதான் வழி.

சரி, குறை சொன்னது போதும், என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இது எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, நம் ஊர்ச் சாமான்களிலேயே ஆகிற காரியம்.

இடத்தை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு கட்டாந்தரை. செம்மண் கிராவல் கொட்டி மேடாக்கிய, தண்ணீர் தேங்காத தரை. கழுதை பெரும்பாலான நேரம் இருக்க வேண்டியது இங்கே. இந்தத் தரையில் நடந்தால்தான் குளம்பு தேயும், காய்ந்து இருக்கும். ஒரு மூலையில் ஆற்று மணல் இரண்டு வண்டி கொட்டி விடுங்கள், புரளுவதற்கு. புரளாத கழுதைக்குச் சந்தோஷம் கிடையாது. வைக்கோலை ஒரே இடத்தில் குவிக்காமல் நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தொங்கவிட்டால் நடந்து நடந்து தின்னும். கேழ்வரகுத் தாளும் ஆகும். பூஞ்சை பிடித்த வைக்கோல் மட்டும் ஆகவே ஆகாது. கடலைக்கொடி கழுதைக்கு விருந்துச் சாப்பாடு மாதிரி, ஒரு கைப்பிடிக்கு மேல் போகக் கூடாது.

இன்னொரு பங்கு மேய்ச்சல். அதில் அறுகும் கோரையுமாகத் தானாக முளைக்கிறது போதும். உரம் போட வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். அதையும் இரண்டு மூன்று துண்டாகத் தடுத்து, ஒரு துண்டில் சில நாள் மேய விட்டு, அதை ஆறப்போட்டு அடுத்த துண்டுக்கு மாற்றுங்கள். மாற்றி மாற்றி விடுவதால் புல்லும் பிழைக்கும், சாணத்திலிருந்து வயிற்றுப் பூச்சி திரும்பத் திரும்ப ஏறுவதும் குறையும். லத்தியைத் தினம் அள்ளிவிடுவது உத்தமம். தென்னைக்கு அதைவிட எரு வேண்டாம்.

வேலி விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். கல் தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. முள்கம்பி மனிதத் திருடனுக்கு ஏற்பட்டது. கழுதை வேலியில் உரசிச் சொறிந்துகொள்ளும், கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் எட்டிக் கடிக்கும். முள் கிழித்தால் புண், புண்ணில் ஈ, ஈயிலிருந்து புழு. நம் பக்கம் சவுக்குக் கட்டைக்குப் பஞ்சமா? நாலடி உயரத்துக்குச் சவுக்கில் மூன்று குறுக்குக் கட்டை போதும். கீழ்க்கட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, இல்லாவிட்டால் அடியில் நுழைந்து வெளியே வந்துவிடும். ஆணிமுனை எதுவும் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறக்கிற சாமர்த்தியம் கழுதைக்கு உண்டு. சங்கிலியும் கொக்கியும் போடுங்கள். வேலிக்குள் மாங்கன்றோ தென்னங்கன்றோ இருந்தால் சுற்றிக் கூண்டு கட்டுங்கள், பட்டையை உரித்துவிடும்.

அழகுக்காக வேலியோரம் அரளி வைத்திருப்பவர்கள் இன்றே பிடுங்குங்கள். அரளி பூஜைக்கு ஆகும், கழுதை வயிற்றுக்கு எமன். இலை காய்ந்து உதிர்ந்தாலும் விஷம் போகாது. ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி இவையும் இருக்கக் கூடாது.

‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர்’ என்று நாம் கேலியாகச் சொல்லிவிட்டோம். குட்டிச்சுவரை ஏன் தேடிப் போகிறது என்று யோசித்தவர் குறைவு. வெயிலுக்கு நிழல், காற்றுக்கு மறைப்பு, முதுகு சொறிய ஒரு மூலை, வேறென்ன! கழுதையின் ரோமம் குதிரை ரோமம் மாதிரி தண்ணீரை வழிய விடாது, நனைந்தால் உள்ளே தோல் வரை ஊறிவிடும். குளம்பும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அழுகும். நம் ஊரிலோ ஐப்பசி கார்த்திகையில் மழை விடாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் சொன்ன மூன்று தோட்டங்களில் ஒன்றில், அன்று இரவு காவல்காரர் வர முடியாமல் கழுதை கட்டின கயிற்றோடு விடியும்வரை வயிறளவு தண்ணீரில் நின்றது. செத்துப் போகவில்லை. ஆனால் பொங்கல் வரை நொண்டியது. முளையில் கட்டாத கழுதையாக இருந்தால் தானே மேட்டைத் தேடிப் போயிருக்கும்.

ஆகவே கொட்டகை வேண்டும். மேட்டில், மூன்று பக்கம் சுவரோ கீற்றுத் தடுப்போ வைத்து, ஒரு பக்கம் திறந்து. மழைக்காற்று அடிக்கிற வடகிழக்குப் பக்கம் அடைப்பாக இருக்கட்டும். இரண்டு கழுதைக்குப் பத்தடிக்குப் பத்தடி குறைந்த அளவு. கதவு போட்டு அடைக்க வேண்டாம், வருவதும் போவதும் அதன் இஷ்டம். பக்கத்தில் வேம்போ புங்கனோ ஒன்று இருந்தால் கோடையில் அதுவே கொட்டகை. தண்ணீர்த் தொட்டியைத் தினம் கழுவுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கழுதை குடிக்காது, தாகத்தோடு நிற்கும். ஈயும் கொசுவும் சும்மா விடாது. பிரான்சில் ரே என்ற தீவில் உப்பளத்தில் வேலை செய்த கழுதைகளுக்குப் பூச்சி கடிக்காமல் இருக்கக் காலுக்குக் கால்சட்டையே தைத்துப் போட்டார்கள். அவ்வளவு செய்யச் சொல்லவில்லை. சாணமும் ஈரமும் சேராமல் இடத்தைச் சுத்தமாக வைத்தால் போதும்.

இரண்டு கழுதை என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஒற்றைக் கழுதை வாங்காதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. கழுதைகள் ஜோடி சேர்ந்து உயிருக்குயிராக இருக்கிற ஜாதி. ஜோடியைப் பிரித்தால் தீனி எடுக்காமல் ஏங்கும். தீனி எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். ‘துணைக்கு ஆடு இருக்கிறதே’ என்கிறார்கள். உங்களை ஒரு வீட்டில் அடைத்து, பேசத் துணைக்கு ஒரு கிளியை வைத்தால் சம்மதிப்பீர்களா? ராத்திரி கழுதை கத்துகிறது, தூக்கம் போகிறது என்று புகார் சொல்கிற தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒற்றைக் கழுதையாகத்தான் இருக்கும். அது இன்னொரு கழுதையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, பதில் வரவில்லை.

‘இவ்வளவு செலவு செய்ய இது என்ன பந்தயக் குதிரையா? கழுதை தானே சார்’ என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். இந்த ‘தானே’ தான் எனக்கு ஆகாதது. கழுதை என்றால் முட்டாள், பிடிவாதம் என்று எல்லா தேசத்திலும் ஒரு அபவாதம். நான் படித்த பிரெஞ்சுப் பாடத்திலும் மக்குப் பையனுக்குக் காகிதத்தில் நீளக் காது வைத்த தொப்பி மாட்டுகிற கதை வரும், ‘பொனே தான்’ என்பார்கள், கழுதைத் தொப்பி. அதே பிரெஞ்சில்தான் செகூர் சீமாட்டி 1860இல் கதிஷோன் என்ற கழுதை தன் வரலாற்றைத் தானே சொல்வதாக ஒரு கதை எழுதி, யார் முட்டாள் என்று மனிதரைத் திருப்பிக் கேட்டார். கழுதை பயந்தால் குதிரை மாதிரி ஓடாது, நின்று யோசிக்கும். பாலம் பலமாக இருக்கிறதா, பள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். யோசித்துப் பார்த்து நிற்பதைப் பிடிவாதம் என்று எழுதிவைத்தது நாம்.

இன்னொரு சாக்கு கொஞ்சம் கௌரவமானது. “நாட்டில் கழுதை அழிந்துகொண்டிருக்கிறது, நாங்கள் காப்பாற்றுகிறோம்.” அழிவது உண்மை. கால்நடைக் கணக்கெடுப்பில் 2012இல் நாடு முழுவதும் 3 லட்சத்து 20 ஆயிரம் அளவில் இருந்த கழுதைகள் 2019இல் 1 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. அதற்காக ஒற்றைக் கழுதையைப் புல்தரையில் கட்டிக் கொழுக்க வைத்துக் கொல்வது காப்பாற்றுவதாகுமா? ஜோடியாக, வேலிக்குள், நடக்க இடம் கொடுத்து இருபது முப்பது வருடம் வாழ வைத்தால் அது காப்பாற்றுவது. ஆமாம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அத்தனை வருடம் இருக்கும். எழுபது தாண்டிய நண்பர்கள் பேரனுக்காக வாங்குமுன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நமக்குப் பிறகு யார் தீனி வைப்பது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960ஆம் வருடத்து பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. நியாயமில்லாத அளவு குட்டையான கயிற்றில் நீண்ட நேரம் கட்டி வைப்பது குற்றம். போதிய தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காதது குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு 50 ரூபாயில் நேரு வீதியில் இரண்டு பேர் சரியாகக் காபி குடிக்க முடியாது. ஆகவே சட்டத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை, வாங்குகிறவர் மனச்சாட்சியைத்தான் நம்ப வேண்டும்.

வேலி வேலி என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பு ஊருக்கு ஊர் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. தனியாருக்கு மேய்ச்சல் நிலம் இல்லாவிட்டாலும் ஊருக்கு இருந்தது. அது மனையாகி, கட்டிடமாகி, பாதையாகிப் போன கதையை நில ஆவணம் பார்த்தவர்கள் அறிவார்கள். பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவு போட்டது. போட்டு என்ன, மாடே மேய இடமில்லாமல் குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் தின்கிறது. ஊர் நிலம் போன பிறகு, பிராணியை வாங்குகிறவர் அதற்கான நிலத்தையும் தன் கையிலிருந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். தெருவில் விட்டு வளர்க்கலாம் என்ற யோசனைக்கே இடமில்லை.

முடிவாக, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் நிலம், இரண்டு கழுதை, சவுக்கு வேலி, மேட்டில் கொட்டகை, காய்ந்த வைக்கோல், நல்ல தண்ணீர், ஆறேழு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவத் தெரிந்த ஆள். இவ்வளவும் உண்டு என்றால் தாராளமாக வளருங்கள், நானே வந்து பார்த்துச் சந்தோஷப்படுவேன். இதில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். ஆசை விடவில்லை என்றால் வில்லியனூரில் அருமையான சுடுமண் பொம்மை செய்கிறார்கள். ஒரு கழுதைப் பொம்மை செய்யச் சொல்லி வாங்கி வந்து அந்தப் புல்தரை நடுவில் வையுங்கள். யோகம் வருவதாக இருந்தால் அதைப் பார்த்தாலும் வரும். கயிறும் தேவைப்படாது.